முன்னோடிப் பாடலும் பாயிரமும்: ‘மீ!’ பற்றிய சுவைஞர் வழக்கு

நூலொன்றைப் பயிலப் புகுவார்க்கு முதற்கண் எதிர்ப்படுவது அதன் பாயிரம். மேலைநாட்டு இசைத்தொகுப்பொன்றைக் கேட்கப் புகுவார்க்கு முதற்கண் எதிர்ப்படுவது, தொகுப்பு வெளிவருவதற்குச் சில கிழமைகளோ திங்கள்களோ முன்னர்த் தனித்து வெளியிடப்பெறும் ஒரு பாடல். அப்பாடல் பின்வரும் தொகுப்பின் இயல்பை உணர்த்த வேண்டுவதா, அன்றிக் கேட்போரைத் திரட்டித் தருதல் ஒன்றே அதன் தொழிலா என்னும் வினா, அமெரிக்கப் பாடகியார் டெய்லர் ஸ்விஃப்டின் சுவைஞரிடையே 2019-ஆம் ஆண்டில் பெரியதொரு வழக்காக எழுந்தது. ‘லவ்வர்’ என்னும் தொகுப்பிற்கு முன்னோடியாக வந்த ‘மீ!’ என்னும் பாடலே அவ்வழக்கிற்குக் காரணமாயிற்று.

இத்தகைய வழக்குகளை இளையோர் ஆரவாரம் எனக் கொண்டு கற்றோர் பலர் புறக்கணிப்பர். அங்ஙனம் புறக்கணித்தல் தகாது. ஒரு படைப்பின் எப்பகுதி அதன் முழுமைக்குச் சான்றாக நிற்கத் தக்கது, அச்சான்றினைத் தெரிந்தெடுக்கும் உரிமை யாருக்குண்டு என்னும் வினாக்கள் இவ்வழக்கினுள் அடங்கிக் கிடக்கின்றன. இவை இலக்கியத் திறனாய்வாளர்க்கும் உரிய வினாக்களே. வழக்கிட்டோர் தம்முள் மயங்கிய இடமும் ஒன்றுண்டு, ‘பாடல் நன்றா?’ என்பதும் ‘முன்னோடியாதற்குத் தக்கதா?’ என்பதும் வெவ்வேறு வினாக்களாதலைப் பலர் உணர்ந்திலர். அவ்விரண்டனையும் பிரித்துக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

சொல் பற்றி ஒன்று கூறுதல் வேண்டும். தொகுப்பினின்று பிரித்து வெளியிடப்பெறும் பாடலைத் ‘தனிப்பாடல்’ என்றே சொல்லலாம். ஆயின் நம் இலக்கிய வழக்கில் அச்சொல் பிறிதொரு பொருட்கு உரியதாய் நிலைபெற்றுவிட்டது. ஆதலின் ஈண்டு அதனைத் ‘தனிவெளியீடு’ என்றும், தொகுப்பிற்கு முற்பட்டு வரும் முதல் தனிவெளியீட்டை ‘முன்னோடிப் பாடல்’ என்றும் வழங்குவோம்.

தனிவெளியீடும் தொகுப்பும்

தனிவெளியீடும் தொகுப்பும் தொடக்கத்தில் இருவேறு பண்டங்களாகவே விளங்கின. 1948-ஆம் ஆண்டில் கொலம்பியா நிறுவனம் நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் நெடுநேர இசைத்தட்டை வெளியிட்டது. அடுத்த ஆண்டிலேயே ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 45 முறை சுழலும் சிறிய தட்டைக் கொணர்ந்தது. பக்கத்திற்கொரு பாடலாக அமைந்த சிறு தட்டு விலை குறைந்தது. இளையோர் அதனை விரும்பி வாங்கினர். வானொலியும் அதனையே மீண்டும் மீண்டும் ஒலிபரப்பிற்று. பல பாடல்களைத் தாங்கிய நெடுந்தட்டே பின்னர்த் தொகுப்பு என்னும் கலைவடிவிற்கு இடந்தந்தது.

முன்னோடி என்னும் கருத்து முதலிலேயே நிலைபெற்றிருந்தது எனக் கொள்ளுதல் பிழை. 1967-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழுவினர் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’, ‘பென்னி லேன்’ என்னும் இரு பாடல்களை ஒரே தட்டில் தனிவெளியீடாகத் தந்தனர். அதே ஆண்டில் வந்த ‘சார்ஜண்ட் பெப்பர்’ தொகுப்பிற்கெனத் தொடங்கப்பெற்ற பாடல்களாயிருந்தும், அவை அத்தொகுப்பிற் சேர்க்கப்படவில்லை. தனிவெளியீடாக விற்றதனை மீண்டும் தொகுப்பில் வைத்து விற்றல் முறையன்று என அக்கால ஆங்கில இசைத்துறையினர் பலர் கருதியமையே அதற்குக் காரணம். அவற்றைச் சேர்க்காது விட்டமை தம் தொழில் வாழ்வின் பெரும்பிழை என அவற்றை உருவாக்கிய ஜார்ஜ் மார்ட்டின் பிற்காலத்தில் வருந்திக் கூறினார். எப்பாடலைத் தனித்து விடுவது, எதனைத் தொகுப்பில் வைப்பது என்பது படைப்போர்க்கே தீராத வினாவாயிருந்தமை இதனாற் பெறப்படும்.

அமெரிக்காவில் தனிவெளியீடுகளின் செல்வாக்கை அளக்கும் ‘பில்போர்டு ஹாட் 100’ என்னும் பட்டியல் 1958 ஆகஸ்டில் தோன்றியது. 1998 டிசம்பர் வரையில், கடையில் தனித்தட்டாக விற்கப்பெற்ற பாடலே அப்பட்டியலில் இடம்பெற இயலும். அவ்வரம்பு நீங்கியதன் பின்னர், வானொலியில் ஒலிக்கும் எப்பாடலும் பட்டியலேறலாம் என்றாயிற்று. 2005-இல் இணையவழி விற்பனையும், 2007-இல் இணையவழிக் கேட்பும், 2013-இல் யூடியூப் காட்சியும் கணக்கிற் சேர்ந்தன. இம்மாற்றங்களின் பயனாக, ஒரு தொகுப்பு வெளிவந்த கிழமையிலேயே அதன் பாடல் அனைத்தும் பட்டியலேறும் நிலை தோன்றியது. ‘எது தனிவெளியீடு?’ என்பதை நிறுவனம் தீர்மானித்த காலம் போய், கேட்போரும் தீர்மானிக்கும் காலம் வந்தது. நாம் ஆராயும் வழக்கு இம்மாற்றத்தின் நடுவில் நிகழ்ந்ததாகும்.

வழக்கின் பின்புலம்

‘மீ!’ பற்றிய வழக்குத் திடீரென எழுந்ததன்று. ஸ்விஃப்டின் முந்திய மூன்று தொகுப்புகளின் முன்னோடிப் பாடல்களும் ‘ஹாட் 100’ பட்டியலில் முதலிடம் பெற்றவை. 2012-இல் ‘ரெட்’ தொகுப்பிற்கு ‘வீ ஆர் நெவர் எவர் கெட்டிங் பேக் டுகெதர்’ என்பதும், 2014-இல் ‘1989’ தொகுப்பிற்கு ‘ஷேக் இட் ஆஃப்’ என்பதும், 2017-இல் ‘ரெப்யூட்டேஷன்’ தொகுப்பிற்கு ‘லுக் வாட் யூ மேட் மீ டூ’ என்பதும் முன்னோடிகளாயின. இம்மூன்றும் தத்தம் தொகுப்பின் பெரும்பகுதியோடு ஒத்த இயல்பின அல்ல என்பது சுவைஞர் நெடுநாளாகச் சுட்டிவந்த ஒன்று. ‘ரெட்’ தொகுப்பின் முன்னோடி எள்ளல் மிக்க துள்ளிசை. அத்தொகுப்பிலேயே பிரிவின் நினைவை நெடிது விரித்துரைக்கும் ‘ஆல் டூ வெல்’ உள்ளது. ‘ரெப்யூட்டேஷன்’ தொகுப்பின் முன்னோடி வஞ்சினம் கூறுவது. தொகுப்பின் உள்ளேயோ ‘டெலிகேட்’, ‘நியூ இயர்ஸ் டே’ போன்ற மென்மையான காதற்பாடல்கள் அமைந்துள்ளன.

‘ரெப்யூட்டேஷன்’ வெளியீட்டின் விளம்பரமுறை வேறோர் ஆற்றானும் குறிப்பிடத்தக்கது. 2017 ஆகஸ்டில் பாடகியார் தம் சமூக ஊடகப் பக்கங்களிலிருந்த அனைத்தையும் அழித்துவிட்டுப் பாம்பின் உருவத்தை வெளியிட்டார். 2016-இல் தம்மைப் பழித்தோர் வசைக்குறியாக வழங்கிய பாம்பையே தம் சின்னமாக ஏற்றுக்கொண்டமை சுவைஞரைப் பெரிதும் கவர்ந்தது. செய்தியாளர்க்கு நேர்காணல் தருவதையும் தவிர்த்தார். ஆகவே, அடுத்த தொகுப்பின் முதற்பாடல் எவ்வாறு அமையும் என்னும் எதிர்பார்ப்பு மிக்கிருந்தது.

‘மீ!’ வெளிவந்த வரலாறு

2018 நவம்பரில் ஸ்விஃப்ட் ரிப்பப்ளிக் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தார். அந்நிறுவனத்தின்வழி அவர் தந்த முதல் தொகுப்பு ‘லவ்வர்’. 2019 ஏப்ரல் 13-இல் அவர்தம் இணையப்பக்கத்தில் நாளெண்ணும் கடிகை ஒன்று தோன்றிற்று. ஏப்ரல் 25-இல் நாஷ்வில் நகரின் சுவரொன்றில் வரையப்பெற்றிருந்த வண்ணத்துப்பூச்சி ஓவியம் இவ்வெளியீட்டோடு தொடர்புடையது என்பது வெளிப்பட்டது. மறுநாள் ‘மீ!’ வெளிவந்தது. ஸ்விஃப்டும் ஜோயல் லிட்டிலும் பிரெண்டன் யூரியும் இயற்றிய அப்பாடலை ஸ்விஃப்டும், ‘பேனிக்! அட் தி டிஸ்கோ’ என்னும் குழுவின் பாடகரான யூரியும் இணைந்து பாடினர். பூசலிட்ட காதலர் இருவர், தம்மையொத்த பிறிதொருவர் இலர் எனத் தத்தம் தனித்தன்மையை எடுத்துரைத்து உடல் தணிக்கும் பொருளினது அப்பாடல்.

காணொளியின் தொடக்கத்தில் ஊர்ந்து வரும் பாம்பு வண்ணத்துப்பூச்சிகளாகச் சிதறிப் பறக்கின்றது. முந்திய தொகுப்பின் வஞ்சினம் முடிந்து மகிழ்ச்சி தொடங்குகின்றது என்பதே அதன் குறிப்பு. முதல்நாளிலேயே அக்காணொளி யூடியூபில் 6 கோடியே 50 இலட்சம் முறைக்கு மேற் காணப்பட்டது. ‘ஹாட் 100’ பட்டியலில், ஒலிபரப்பின் சில நாட்கணக்கு மட்டும் கொண்டு 100-ஆம் இடத்தில் நுழைந்த பாடல், மறுகிழமை 2-ஆம் இடத்திற்குத் தாவிற்று. ஒரே கிழமையில் 98 இடம் ஏறியது அந்நாள்வரை பிறர் எய்தாத ஏற்றம். ஆயினும் லில் நாஸ் எக்ஸ் பாடிய ‘ஓல்டு டவுன் ரோடு’ முதலிடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. மூன்று முன்னோடிகள் தொடர்ந்து பெற்ற முதலிடத்தை நான்காவது பெறாதொழிந்தது.

சூன் 14-இல் ‘யூ நீட் டு காம் டவுன்’ இரண்டாம் தனிவெளியீடாக வந்து அதுவும் 2-ஆம் இடத்தை எய்தியது. சூலை 23-இல் ‘தி ஆர்ச்சர்’ என்னும் பாடல் முன்னோட்டமாக வந்தது. ஆகஸ்டு 16-இல் தொகுப்பின் பெயர்தாங்கிய ‘லவ்வர்’ வந்தது. ஆகஸ்டு 23-இல் 18 பாடல்கள் கொண்ட தொகுப்பு முழுமையும் வெளியாயிற்று. இம்முறைவைப்பு வழக்கின் உயிர்நிலையாதலின் நினைவிற் கொள்ளத்தக்கது.

மறுப்பார் கூற்றும் உடன்படுவார் கூற்றும்

மறுப்பார் கூறியவை பலவாயினும் அவற்றை மூன்றாகத் தொகுக்கலாம். பாடல் சிறுபிள்ளைத் தன்மையது என்பது ஒன்று. பாடலின் இடையே சிறாரை விளித்து எழுத்துக்கூட்டல் பற்றிப் பேசும் உரைக்கூற்று ஒன்றிருந்தது. அதுவே பெரிதும் எள்ளப்பட்டது. முப்பது வயதை அணுகிய, பாடலியற்றும் திறத்தாற் புகழ்பெற்ற ஒருவர்க்கு இது தகுமோ என்று வினவினர். தொகுப்பின் இயல்பை இப்பாடல் காட்டவில்லை என்பது மற்றொன்று. தாயின் நோய் கண்டு கலங்கும் பாடலும், ஆடவர்க்கொரு நீதி பெண்டிர்க்கொரு நீதி எனப் பாகுபடுத்தும் உலகைச் சாடும் பாடலும், தன் குறை கண்டு தானே அஞ்சும் பாடலும் உள்ள தொகுப்பிற்கு இது முகமாகாது என்றனர். சிறந்தன பின்னே நிற்க இது முன்னே வந்தது என்பது மூன்றாவது. தொகுப்பின் இரண்டாம் பாடலான ‘குரூயல் சம்மர்’ முன்னோடியாக வந்திருத்தல் வேண்டும் என்பது அவர்தம் உறுதியான கருத்து.

உடன்படுவாரும் வலிய மறுமொழி தந்தனர். முந்திய தொகுப்பின் இருளுக்கும் பிந்தியதன் ஒளிக்கும் இடையே ஒரு திருப்பம் வேண்டும். அத்திருப்பத்தைக் குறிப்பால் உணர்த்த இத்துணை வெளிப்படையான மகிழ்ச்சி வேண்டுவதே என்றனர். சிறுவரும் பாடத்தக்க பாடலை இயற்றுதல் இழிவன்று என்றனர். ஸ்விஃப்டின் முன்னோடிகள் என்றுமே தொகுப்பை ஒத்திருந்ததில்லையாதலின், இதனை மட்டும் குறைகூறுதல் நடுநிலையன்று என்றும் கூறினர்.

இரு திறத்தாரும் மொழிந்தவற்றை நோக்கின் ஓருண்மை புலனாகும். மறுப்பாரின் முதற்கூற்றுப் பாடலின் தரம் பற்றியது. மற்றை இரண்டும் அதன் இடம் பற்றியன. உடன்படுவாரின் கூற்றுகளுள்ளும் இவ்விரண்டும் கலந்தே கிடக்கின்றன. தரம் பற்றிய கூற்றுக்கு இடம் பற்றிய மறுமொழி தரப்படுகின்றது. இடம் பற்றிய கூற்றுக்குத் தரம் பற்றிய மறுமொழி தரப்படுகின்றது. வழக்கு முடிவின்றி நீண்டதற்கு இதுவே காரணம் என்பது எம் கருத்து.

பாயிர இலக்கணம் தரும் விளக்கம்

இம்மயக்கத்தைத் தீர்க்க நம் பாயிர இலக்கணம் துணைசெய்யும். அமெரிக்க இசைத்துறையினர் அதனை அறிந்தவரல்லர். நன்னூலுக்கும் அவர்தம் செயலுக்கும் தொடர்பு யாதுமில்லை. எனினும், முழுமைக்கு முன்னின்று அதனை அறிமுகம் செய்யும் உறுப்பைப் பற்றி இத்துணை நுணுகி எண்ணிய மரபு நம்முடையதாகலின், அதன் பாகுபாடுகள் நமக்குக் கருவியாகின்றன.

பவணந்தியார் பாயிரத்திற்குப் பல பெயர்கள் கூறுவர். உரையாசிரியர் விளக்கத்தின்படி அப்பெயர்கள் வெவ்வேறு தொழிலைக் காட்டுவன. நூலுக்கு முகம்போல நிற்பது நூன்முகம். நூலின் பெருமை விளங்க அணிசெய்து கூறுவது அணிந்துரை. நூலிற் சொல்லாத பொருளைத் தந்து கூறுவது தந்துரை. மறுப்பார் ‘மீ!’ என்பதனை நூன்முகமாகக் கொண்டு, முகம் உடலுக்கு ஒவ்வாதெனக் குறைகூறினர். உடன்படுவாரோ அதனைத் தந்துரையாகக் கொண்டு, முந்திய தொகுப்பினின்று பிந்தியதற்குக் கடக்கும் செய்தியைத் தருவதே அதன் பணி என்று காத்தனர். இருவர்தம் அளவுகோலும் வேறாதலின் அளவும் வேறாயிற்று.

சிறப்புப்பாயிரம் உணர்த்தும் பொருள்களுள் நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் மூன்றும் இவ்விடத்து மிகவும் வேண்டப்படுவன. நுதலிய பொருளை நோக்கின் மறுப்பார் பக்கமே வலியுடையது. காதல் என்னும் பொருண்மை பொதுவாயினும், தொகுப்பில் மேலோங்கி நிற்பது ஐயமும் அச்சமும் கலந்த முதிர்ந்த காதல், ‘மீ!’ அதனைத் தொடவில்லை. தொகுப்பின் முறைவைப்பே இதற்குச் சான்று பகரும். 18 பாடல்களுள் ‘மீ!’ 16-ஆவதாகவும், ‘யூ நீட் டு காம் டவுன்’ 14-ஆவதாகவும் வைக்கப்பெற்றன. உலகிற்கு முதலில் காட்டப்பெற்ற இரண்டும் தொகுப்பினுள் இறுதிப்பகுதிக்குச் சென்றுவிட்டன. அன்றியும், எள்ளப்பட்ட உரைக்கூற்றுத் தொகுப்பில் இடம்பெற்ற வடிவில் நீக்கப்பட்டிருந்தது. வாயிலில் நிறுத்தியதை இல்லத்தின் உள்ளறையிற் கொண்டுபோய் வைத்தாற்போன்றது இது.

கேட்போர் என்னும் கூற்றை நோக்கின் நிலை மாறுகின்றது. முன்னோடிப் பாடல் தொகுப்பை எப்படியும் வாங்கவிருக்கும் சுவைஞரை நோக்கியதன்று. வானொலியிற் செவிமடுக்கும் பொதுமக்களை நோக்கியது. அவர்க்குத் தொகுப்பின் நுண்மையினும் ஒருமுறை கேட்டளவில் நினைவில் நிற்கும் எளிமையே வேண்டுவது. எனவே சுவைஞர் தமக்கு விடுக்கப்படாத அழைப்பைத் தமக்குரியதாகக் கொண்டு குறைகண்டனர் எனலாம். ஆயினும், நாளெண்ணும் கடிகையும், மறைகுறிப்பு நிறைந்த சுவரோவியமும், தொகுப்பின் பெயரையே ஒளித்துவைத்த காணொளியும் சுவைஞரை நோக்கியனவே. அழைப்பின் முறை சுவைஞர்க்கும், அழைப்பின் பொருள் பொதுமக்களுக்குமாக அமைந்த இம்முரணே ஏமாற்றத்தின் வேர் என்று கொள்ளல் பொருந்தும்.

தற்புகழ்ச்சி பற்றியும் ஒன்று கூறலாம். ‘மீ!’ தன்னைத் தானே வியக்கும் பாடல் எனச் சிலர் பழித்தனர். தன்னைப் புகழ்தல் தகாதென விலக்கும் நன்னூலாரே அது குற்றமாகாத இடங்களையும் எடுத்தோதுவர். மாற்றார் தன்னைப் பழித்த காலம் அவற்றுள் ஒன்று. 2016-இன் பழிப்பை நினைவார்க்கு இப்பாடலின் தற்புகழ்ச்சி பெருங்குற்றமாகத் தோன்றாது. ஆகவே பொருளால் இப்பாடல் பழிக்கத்தக்கதன்று, இடத்தாலேயே ஆராயத்தக்கது.

எண்களின் சான்று

இரு திறத்தாரும் தத்தம் கூற்றுக்கு எண்களைச் சான்று காட்டினர். ‘ரெப்யூட்டேஷன்’ முதற்கிழமையில் அமெரிக்காவில் 12 இலட்சத்து 16 ஆயிரம் படிகள் விற்றது. ‘லவ்வர்’ முதற்கிழமையில் 6 இலட்சத்து 79 ஆயிரம் படிகள் விற்றது. இணையவழிக் கேட்பையும் படிக்கணக்காக மாற்றிக் கூட்ட 8 இலட்சத்து 67 ஆயிரம் ஆயிற்று. இவ்வீழ்ச்சிக்கு ‘மீ!’ என்பதே காரணம் என்றனர் மறுப்பார்.

இம்முடிபு ஆராயாது கொள்ளத்தக்கதன்று. ‘ரெப்யூட்டேஷன்’ தொகுப்பு வெளிவந்து மூன்று கிழமை வரை இணையவழிக் கேட்பு நிலையங்களுக்குத் தரப்படவில்லை. கேட்க விரும்பியோர் வாங்கியே தீரவேண்டிய நிலை. ‘லவ்வர்’ முதல்நாளே அந்நிலையங்களிற் கிடைத்தது. அன்றியும் அவ்விரண்டாண்டில் படி வாங்கும் வழக்கமே பொதுவிற் குறைந்து வந்தது. காரணங்கள் பலவாகிய விடத்து ஒன்றனையே காரணமாகக் கோடல் ஏதுப்போலி. அவ்வாறே, ‘மீ!’ 2-ஆம் இடம் பெற்றமையால் அது தக்க முன்னோடியே என உடன்படுவார் கூறியதும் ஏதுப்போலியாம். 98 இடம் தாவியது பாடலின் ஆற்றலா, பாடகியார் பெயரின் ஆற்றலா என்பதை அவ்வெண் உணர்த்தாது. எண் ஒரு பாடலை எத்துணைப் பேர் கேட்டனர் என்பதைச் சொல்லும். அப்பாடல் எதற்கு முகமாக நிற்கத் தக்கது என்பதைச் சொல்லாது.

‘குரூயல் சம்மர்’ முதலிடம் பெற்றமை

சுவைஞர் முன்னோடியாக வேண்டிய ‘குரூயல் சம்மர்’, ஸ்விஃப்டும் ஜாக் ஆண்டனாஃபும் ‘செயின்ட் வின்சென்ட்’ எனப் பெயர் வழங்கும் ஆனி கிளார்க்கும் இயற்றியது. 2019 ஆகஸ்டில் தொகுப்பு வெளிவந்தபோது, தனிவெளியீடு அல்லாத நிலையிலேயே ‘ஹாட் 100’ பட்டியலில் 29-ஆம் இடத்தை எய்தியது. 2020-இல் பெருந்தொற்றுப் பரவ, ‘லவ்வர்’ தொகுப்பிற்கெனத் திட்டமிட்ட அரங்க நிகழ்ச்சிகள் கைவிடப்பெற்றன. அப்பாடலைத் தனிவெளியீடாக்கும் எண்ணமும் பெருந்தொற்றால் நின்றுபோயிற்று என்பதைப் பாடகியாரே 2023 சூனில் பிட்ஸ்பர்க் நகர அரங்கில் வெளிப்படுத்தினார்.

2023 மார்ச்சு 17-இல் அரிசோனா மாநிலத்துக் கிளெண்டேல் நகரில் ‘ஈராஸ்’ என்னும் அரங்கப்பயணம் தொடங்கியது. அதன் முதற்பகுதியில் முழுமையாகப் பாடப்பெற்ற முதற்பாடல் ‘குரூயல் சம்மர்’. கேட்போர் தாமே அதனை மீண்டும் மீண்டும் நாட, பட்டியலில் அது ஏறத் தொடங்கிற்று. சூன் 20-இல் நிறுவனம் அதனைத் தனிவெளியீடாக வானொலிக்கு விடுத்தது. அக்டோபர் 28 எனத் தேதியிட்ட பட்டியலில் அது முதலிடம் பெற்றது. தொகுப்பு வெளிவந்து நான்காண்டு கடந்தபின் நிகழ்ந்தது இது. அதே அரங்கப்பயணத்தின் நிலையான பாடல்நிரலில் ‘லவ்வர்’ தொகுப்பிற்குரியனவாக ஆறு பாடல்கள் இடம்பெற்றன, ‘மீ!’ அவற்றுள் ஒன்றன்று.

இதுகொண்டு மறுப்பார் வென்றனர் எனத் துணிதல் எளிது. ஆயின் சற்றே தயங்குதல் வேண்டும். 2023-இன் ஸ்விஃப்ட் 2019-இன் ஸ்விஃப்டினும் பன்மடங்கு செல்வாக்குற்றவர். இடையே ‘ஃபோக்லோர்’, ‘மிட்நைட்ஸ்’ முதலிய தொகுப்புகளும், பழைய தொகுப்புகளின் மறுபதிவுகளும் வந்துவிட்டன. முதலிடம் பெற்ற கிழமையில் அரங்கப்பயணத் திரைப்படமும் வெளியாயிற்று. பாடலின் அரங்கப்பதிவு முதலியனவும் அக்டோபர் 18-இல் விற்பனைக்கு வந்தன. 2019-இல் முன்னோடியாக வந்திருப்பின் இதே வெற்றி எய்தியிருக்கும் என்பதற்கு இவை சான்றாகா. இவை மெய்ப்பிப்பது ஒன்றே: தொகுப்பின் முகமாக நிற்கும் தகுதி அப்பாடலுக்கு உண்டு என்று சுவைஞர் கண்டது வெறும் விருப்பமன்று; படைப்போரும் பின்னர் உடன்பட்ட திறனாய்வு முடிபு.

முன்னோடியின்றி வந்த தொகுப்புகள்

‘லவ்வர்’ தொகுப்பிற்குப் பின் ஸ்விஃப்டின் வெளியீட்டு முறையில் பெரியதொரு மாற்றம் காணப்படுகின்றது. 2020 சூலை 24-இல் வந்த ‘ஃபோக்லோர்’ ஒரு நாளினும் குறைந்த முன்னறிவிப்போடு வெளிவந்தது. ‘கார்டிகன்’ என்னும் தனிவெளியீடு தொகுப்போடு உடன்வந்தது. இரண்டும் தத்தம் பட்டியலில் ஒரே கிழமையில் முதலிடத்தில் நுழைந்தன. அதற்குமுன் இங்ஙனம் யாருக்கும் நிகழ்ந்ததில்லை. 2022 அக்டோபரில் வந்த ‘மிட்நைட்ஸ்’ தொகுப்பிற்கும் முன்னோடி இல்லை. அதன் பாடல்கள் ‘ஹாட் 100’ பட்டியலின் முதற் பத்து இடங்களையும் ஒருங்கே கைக்கொண்டன. 2024 ஏப்ரலில் வந்த ‘தி டார்ச்சர்டு பொயட்ஸ் டிபார்ட்மெண்ட்’, 2025 அக்டோபரில் வந்த ‘தி லைஃப் ஆஃப் எ ஷோகர்ல்’ என்பனவும் அம்முறையினவே.

இம்மாற்றத்திற்கு ‘மீ!’ பற்றிய வழக்கே காரணம் எனல் மிகைபடக் கூறலாம். பெருந்தொற்றின் சூழலும், தொகுப்பின் பாடல் அனைத்தையும் ஒருங்கே எண்ணும் பட்டியல் முறையும் காரணங்களாதல் கூடும். ஆயினும் இதன் விளைவு கருதத்தக்கது. முகமாக நிற்பதனைப் பாடகியார் முன்னரே தெரிந்து காட்டாதொழிய, கேட்போர் முழுமையை முதற்கண் பெற்றுத் தாமே முகத்தைத் தெரிகின்றனர். ‘இது தகாத முன்னோடி’ என்னும் குறையும் எழ இடமில்லை. அதற்கீடாக ஓரிழப்பும் உண்டு. நான்கு திங்கள் ஒரு பாடலைக் கேட்டு, அதனைக்கொண்டு வரவிருக்கும் முழுமையை உய்த்துணர்ந்து, தம்முள் வாதிட்டு, பின் முழுமையைக் கண்டு தம் முடிபைத் திருத்திக்கொள்ளும் பயிற்சி சுவைஞர்க்கு இல்லாதாயிற்று. ‘மீ!’ நல்லதொரு நூன்முகம் அன்றாயினும், நல்லதொரு வழக்கைத் தோற்றுவித்தது என்பதை மறுப்பாரும் மறார்.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றான், ‘மீ!’ பற்றிய வழக்குத் தரம், இடம் என்னும் இரு வினாக்களின் கலப்பு என்பதும், தரத்தால் அப்பாடல் காக்கத்தக்கதாயினும் இடத்தால் மறுப்பார் கூற்றே வலியுடையது என்பதும், விற்பனை எண்கள் இரண்டாம் வினாவுக்கு விடையாகா என்பதும் பெறப்பட்டன.

இறுதியாக ஒன்று சிந்திக்கத்தக்கது. நூலாசிரியன் தன் நூலுக்குத் தானே சிறப்புப்பாயிரம் செய்துகொள்ளுதல் மரபன்று. ஆசிரியனும், உடன் பயின்றோனும், மாணாக்கனும், உரைகாரனுமே அதற்குரியவர் என்பது நன்னூலார் துணிபு. படைத்தோன் தன் படைப்பின் முழுமையைப் புறத்தே நின்று காணல் அரிதென்பதும் அவ்விலக்கணத்தின் உட்கிடையாதல் வேண்டும். முன்னோடிப் பாடலைத் தெரிந்தெடுக்கும் வழக்கில் படைத்தோரும் விற்போருமே பாயிரம் செய்வோராயினர். பிழை நேர்ந்ததும் ஆண்டே. நான்காண்டுக்குப்பின் அரங்குதோறும் ஒரு பாடலைப் பாடி, அதனைத் தொகுப்பின் முகமாக உயர்த்திய சுவைஞர், பாயிரம் செய்தற்குரிய பிறர் என்னும் இடத்தைத் தம்மை அறியாமலே நிரப்பினர். அவர்தம் வழக்கை ஆரவாரம் எனத் தள்ளுவோர், ஒரு படைப்பைத் திறனாயும் பணி தம்மைச் சூழ்ந்தே நடைபெறுவதைக் காணாது போவர்.